மட்டாஞ்சேரியும் மாட்டின் மரபும்

மட்டாஞ்சேரி என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது மிளகின் மணம். அதன்பின், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயமும், போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும் நினைவுக்கு வரும். இவ்விரண்டையும் கண்டு, ஒரு பொட்டலம் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு, படகேறித் திரும்புவோர் பலர். அவை காணத்தக்கவையே. ஆயினும் இம்முறை நாம் அங்குச் சென்றபோது தேடியது வேறொன்று.

நூற்றாண்டுகளாக இத்துறைக்கு வந்த மிளகையும் சுக்கையும் அரிசியையும் சுமந்தவர் யார்? பாதியை மனிதரின் தோள் சுமந்தது. மீதியைப் படகும் மாடும் சுமந்தன. படகைப் பாடியவர் உண்டு. வணிகரைப் பற்றி எழுதியவர் உண்டு. மாட்டைப் பற்றிக் கேட்பார் அரிது. அம்மாடுகள் எங்கிருந்து வந்தன, அவற்றின் குலம் எது, இன்று அக்குலத்தின் நிலை என்ன என்பவற்றை நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பஜார் சாலை

காயற்கரையை ஒட்டிச் செல்வது மட்டாஞ்சேரியின் பஜார் சாலை. நீர்ப்பக்கத்தில் நிற்கும் பழைய பண்டகசாலைகள் பலவற்றுக்கு இரண்டு வாயில்கள். ஒன்று தெருவை நோக்கும். மற்றொன்று நீரை நோக்கும். வள்ளங்களில் வந்த மூட்டைகள் பின்வாயிலில் ஏறின. முன்வாயிலில் வண்டிக்கு இறங்கின. குஜராத்தியர், கொங்கணியர், யூதர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் இவ்வட்டாரத்தில் குடியேறி வாழ்ந்தனர். அருகிலுள்ள வேலி என்னுமிடத்தில், சலவைத் தொழிலுக்கென வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இன்றும் வாழ்கின்றன. ஆக, இவ்வூர் வந்தேறிகளின் ஊர். இங்கு உழைத்த வண்டிமாடும் ஒருவகையில் வந்தேறிதான்.

கேரளக் கடலோரத்து நாட்டு மாடு சிறியது. மழையும் சேறும் மிகுந்த நிலத்துக்கு அச்சிறுமையே பொருத்தம். ஆனால் மூட்டைகள் அடுக்கிய பாரவண்டியைக் கல்பாவிய தெருவில் இழுக்க உயர்ந்த, நீண்ட காலுடைய காளை வேண்டும். அத்தகைய காளைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய வாயிலாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே, தமிழ் நாட்டிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தன. ஒற்றப்பாலத்துக்கு அருகிலுள்ள வாணியங்குளம் சந்தை இவ்வகை மாட்டு வியாபாரத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. கொங்கு நாட்டில் பிறந்து, பொள்ளாச்சியில் விலைபேசப்பட்டு, பாரதப்புழைக் கரையில் கைமாறி, கடைசியில் கொச்சிக் காயலின் உப்புக் காற்றில் உழைத்து மடிந்த காளைகள் எத்தனையோ!

1902-ஆம் ஆண்டில் ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது. பின்னர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் முயற்சியால், கடலடி மண்ணைத் தோண்டியெடுத்து வில்லிங்டன் தீவு அமைந்தது. 1943-இல் ரயில் துறைமுக முனைக்கே வந்து சேர்ந்தது. ரயிலால் வண்டிமாட்டின் வேலை உடனே போய்விடவில்லை. நிலையத்திலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும் மாடு வேண்டியிருந்தது. அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது லாரி. நாம் பஜார் சாலையைக் கடந்த நாளில் லாரிகளைக் கண்டோம், டெம்போக்களைக் கண்டோம், கைவண்டியும் கண்டோம். 2012 முதல் நடந்துவரும் கலைக் கண்காட்சியின் பயனாய்ப் பழைய கிடங்குகள் சில ஓவியக்கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியிருக்கக் கண்டோம். நுகத்தடி ஒன்றையும் காணவில்லை.

அரண்மனைச் சுவரில், கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கும் ஓவியம் இருக்கிறது. அக்கதையில் மலையின்கீழ் ஒதுங்கி உயிர் பிழைத்தவர் ஆயர் மட்டுமல்லர். ஆநிரையும் உடன் பிழைத்தது. இன்றைய பெருமழை எது, தாங்கும் மலை எது என்னும் எண்ணம் அங்கு நின்றபோது நமக்குத் தோன்றியது. அதற்கு விடை காண, முதலில் மாட்டின் குலவரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

திமிலின் வரலாறு

உலகில் வீட்டு மாடுகள் இரண்டு பெருங்குலத்தவை. திமில் இல்லாத ஐரோப்பிய மாடு ஒன்று; திமில் உடைய நம் மாடு மற்றொன்று. இரண்டும் கூடினால் கன்று ஈனும். எனினும் அவற்றின் காட்டு முன்னோர் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டனர் என்பது மரபணு ஆராய்ச்சியின் முடிவு. திமில் இல்லாத மாட்டை மனிதன் பழக்கியது மேற்காசியாவில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன். திமில் மாட்டைப் பழக்கியது சிந்துவெளிப் பக்கத்தில், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன். பலூசிஸ்தானத்தைச் சேர்ந்த மேர்கர் என்னும் தொல்லூரில் இதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. சிந்துவெளி முத்திரைகளில் திமிலும் அலைதாடியுமாக நிற்கும் காளை, நம் ஊர்க் காளையின் முன்னோன் என்றே சொல்லலாம். நம் மாடு ஐரோப்பிய மாட்டின் மெலிந்த வடிவம் அன்று, தனிக்குலம்.

இதனை எவ்வாறு அறிந்தனர்? மாட்டின் ஒவ்வோர் உயிரணுவிலும் 60 நிறப்புரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தந்தையிடமிருந்து ஆண் கன்றுக்கு மட்டும் செல்வது. இந்நிறப்புரியின் வடிவம் திமில் மாட்டில் ஒருவகை, திமிலில்லா மாட்டில் மற்றொரு வகை. நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியும். இதற்கு எதிராக, உயிரணுவின் உள்ளே தனியாக அமைந்த மைட்டோகாண்டிரியா என்னும் பகுதியின் மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வரும். ஆகவே ஒரே மாட்டின் தந்தைவழியையும் தாய்வழியையும் வெவ்வேறாகப் படிக்கலாம். 2009-ஆம் ஆண்டில் மாட்டின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளிவந்தது. சுமார் 22,000 மரபணுக்கள் எண்ணப்பட்டன. அதன்பின் இவ்வாராய்ச்சி விரைந்து வளர்ந்தது.

இப்படிப்பில் ஒரு வியப்பான செய்தி உண்டு. மாட்டுலகில் தாய்வழி பெரும்பாலும் இருந்த இடத்தில் தங்குகிறது. தந்தைவழி ஊர்விட்டு ஊர் செல்கிறது. மேற்காசியாவின் தொல்மாட்டெலும்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அந்நாடுகளில் கடும் வறட்சி ஏற்பட்டது. அதற்குப் பின் வந்த மாடுகளில் இந்தியத் திமில் மாட்டின் இரத்தம் திடீரெனப் பெருகுகிறது. ஆனால் தாய்வழியோ பெரிதும் பழைய மேற்காசிய வழியாகவே நிற்கிறது. வறட்சி தாங்கும் கன்றுகளை வேண்டி, அந்நாட்டார் கிழக்கிலிருந்து காளைகளைக் கொண்டுசென்று தம் பசுக்களோடு சேர்த்தனர் என்றே கொள்ளவேண்டும்.

பிரேசில் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோர் என்னும் வெள்ளை மாடு. அப்பெயர் நம் நெல்லூரின் பெயர். மாடு ஓங்கோல் இனத்தின் வழி. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1960-களின் தொடக்கம் வரை சென்ற காளைகளும் பசுக்களும் அவ்வினத்தை உண்டாக்கின. ஆயினும் இன்றைய நெலோரின் தாய்வழியை நோக்கினால், அதில் மிகுதியும் ஐரோப்பியர் முன்னே கொண்டுபோன திமிலில்லா மாட்டின் வழியே காணப்படுகிறது. பெயர் ஆந்திரத்தது, திமில் இந்தியாவினது, தாய்வழி அந்நாட்டுப் பழம்பசுவினது. பிறந்த ஊரை விட்டு வந்து, வந்த ஊரில் மணம் செய்து வாழும் குடும்பங்களுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

ஏரியின் மறுகரை

கேரளத்திலும் 20-ஆம் நூற்றாண்டில் இந்த நிகழ்ச்சி, எதிர்த்திசையில், நடந்தது. மட்டாஞ்சேரியின் முன் விரியும் நீர், தெற்கே வேம்பநாட்டுக் காயலாகத் தொடர்ந்து ஆலப்புழை வரை செல்கிறது. வழியில், வைக்கத்துக்குத் தெற்கே காயலின் கீழ்க்கரையில் இருப்பது வெச்சூர். உப்புநீர் குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறாதிருக்க 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் அணை, இவ்வெச்சூரையும் எதிர்க்கரையையும் இணைக்கிறது. வெச்சூர்ப் பசு இவ்வூரின் பெயரால் வழங்குவது. அதன் உயரம் சுமார் 87 சென்டிமீட்டர்; நம் வீட்டு மேசையைச் சற்றே விஞ்சும் அளவு. குறைந்த தீனியில் வாழும்; ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும்; ஒரு குடும்பத்துக்குப் போதிய பால் தரும்.

1961-ஆம் ஆண்டில் கேரளத்தில் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் பெறாத நாட்டுக் காளைகளைப் பொலிகாளையாக வைத்திருக்க இடமில்லாமற் போயிற்று, அவை காயடிக்கப்பட்டன. 1963-இல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பழுப்புநிறக் காளைகளின் வித்து கேரளத்தின் நாட்டுப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது. சுனந்தினி என்னும் கலப்பினம் பிறந்தது. பால் பெருகியது, சிறு நிலமுடைய ஏழைக் குடும்பங்களின் கையில் நாள்தோறும் காசு புழங்கியது. இந்நன்மையை மறுப்பது நேர்மை ஆகாது. ஆனால் நாட்டுக் காளை இல்லாமற்போனதால், நாட்டுப் பசு ஈன்றதெல்லாம் கலப்புக் கன்றாயிற்று. பசுக்களைக் கொல்லாமலே ஓர் இனத்தை ஒழிக்க முடியும் என்பதைக் கேரளம் கண்டது. காளையை நிறுத்திவிட்டால் போதும். இருக்கும் பசுக்கள் முதுமையடையும் காலமே இனத்தின் எஞ்சிய ஆயுள்.

1980-களில் வெச்சூர்ப் பசு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்போது திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை சோசம்மா ஐப் தம் மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று தேடினார். 1989-இல் கிடைத்த சில மாடுகளைக் கொண்டு காப்புப்பணி தொடங்கியது. 1998-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் வெச்சூரையும் சேர்த்தது. அம்மையாருக்கு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாணவர்கள் சிலரின் கால்நடைப் பயணம் ஓர் இனத்தைத் தாங்கிய மலையாயிற்று.

நம் நாட்டு உழைப்பாளிகள்

வெச்சூர் பாலுக்குரியது. மட்டாஞ்சேரிக்கு வண்டியிழுக்க வந்த காளைகளின் குலமோ உழைப்புக்குரியது. தமிழ்நாட்டில் அவ்வாறு ஐந்து இனங்களைச் சொல்வர். கொங்கு நாட்டுக் காங்கயம், காவிரிப்படுகையின் உம்பளாச்சேரி, ஈரோட்டு மலைப்பகுதியின் பர்கூர், மதுரை சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம், தருமபுரிப் பக்கத்து ஆலம்பாடி என்பன அவை. நெற்றியுச்சியில் நெருங்கி எழுந்து பின்னோக்கி வளையும் கொம்பைக் கண்டு, பழைய நூலார் இவற்றைக் கருநாடகத்தின் ஹள்ளிக்கர், அமிர்தமகால் முதலியவற்றோடு ஒரே தொகுதியில் சேர்த்தனர். காங்கயத்தின் வெண்மையைக் கண்டு, அதில் ஓங்கோல் கலப்பும் உண்டு எனக் கருதியவரும் உளர். உறவினராயினும் ஒவ்வொன்றும் தன் நிலத்துக்கேற்ற தனிப்பண்பு உடையது.

காங்கயக் கன்று சிவந்து பிறந்து, ஆறு மாதமளவில் நிறம் மாறும். மயிலை, பிள்ளை, காரி, செவலை என நிறத்துக்கொரு பெயர் வைத்து அழைப்பது கொங்கு வழக்கம். அது மேய்வது கொரங்காடு; கிளுவை முள்வேலியும், வெள்வேல மரமும், கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த மானாவாரி மேய்ச்சல் நிலம். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்து வளர்த்து இவ்வினத்துக்குப் பெயர் தந்தார். உம்பளாச்சேரியோ குட்டையானது, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் காலில் வெள்ளையும் உடையது, முழங்கால் சேற்றிலும் உழவல்லது. அதன் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் பெயர். பர்கூர் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு மலைக்காட்டில் மேயும். புலிக்குளம் கிடைமாடு, அறுவடையான வயலில் இரவு கிடை போட்டு எரு தரும். சல்லிக்கட்டிலும் அதற்குப் புகழ் உண்டு.

இவற்றின் வேலை ஒவ்வொன்றாகப் போயிற்று. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மெல்ல மெல்லப் பம்புசெட்டு ஏறியது. கவலை இறைத்த காளைக்கு வேலை குறைந்தது. டிராக்டர் வந்து ஏரை எடுத்துக்கொண்டது. லாரி வந்து வண்டியை எடுத்துக்கொண்டது. பால் மாட்டுக்குப் பால் விலை உண்டு; உழைக்கும் மாட்டுக்கு உழைப்பே விலை. அது போனபின் அதனை வைத்திருக்கும் உழவர் தம் பாசத்தால் மட்டுமே வைத்திருக்கிறார். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாடுகள் சுமார் 19 கோடி. முந்திய 2012 கணக்கோடு ஒப்பிட்டால், நாட்டு மாடுகள் சுமார் 6 விழுக்காடு குறைந்தன. அயலின, கலப்பின மாடுகள் நாலில் ஒரு பங்குக்கு மேல் பெருகின.

காளைக் கணக்கு

மாடு எண்ணிக்கையில் கோடிக்கணக்கில் இருக்க, கவலை எதற்கு என்று கேட்கலாம். இனத்தின் வளம் தலைக்கணக்கில் இல்லை. வேற்றுமைக் கணக்கில் உள்ளது. ஒரு மந்தையில் 100 பசுக்களும் ஒரே காளையும் இருப்பதாகக் கொள்வோம். அடுத்த தலைமுறைக் கன்றுகள் யாவும் தந்தைவழியில் உடன்பிறப்புகள். மரபியலார் கணக்குப்படி அம்மந்தையின் மெய்யான மதிப்பு 4 விலங்குகளுக்கு ஒப்பு. அதே 100 பசுக்களுக்குப் 10 காளைகள் இருந்தால் மதிப்பு 36-க்கு உயரும். குறைந்தது 50 ஆவது இருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கூறும் பொது அளவு. மதிப்பு குறைந்தால் நெருங்கிய உறவில் கலப்பு நேரும், கன்று நலியும், மலடு மிகும், புதிய நோய் வந்தால் தாங்கும் விலங்கு ஒன்றேனும் மந்தையில் இராது. செயற்கைக் கருவூட்டலில் ஒரே காளையின் வித்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செல்வதால் இவ்வாபத்து மேலும் பெரிது.

வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், வெயில் தாங்கவும், உண்ணியை எதிர்க்கவும், வறண்ட புல்லைத் தின்று வாழவும் வல்ல பண்புகள் நம் மாட்டின் இரத்தத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தவை. அவற்றை ஒருமுறை இழந்தால் எந்தப் பணத்தாலும் மீட்க இயலாது. இதனை உணர்ந்தே 1984-இல் தேசிய விலங்கு மரபுவளக் கழகம் நிறுவப்பட்டது; இன்று அது அரியானா மாநிலத்துக் கர்னாலில் இயங்குகிறது. அதன் பதிவேட்டில் இன்று 50-க்கு மேற்பட்ட மாட்டினங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டத்துக் கொருக்கையில் அரசுப் பண்ணை உம்பளாச்சேரியைப் பேணுகிறது. பர்கூர் மலையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. 2017-ஆம் ஆண்டுத் தைத்திங்களில் சல்லிக்கட்டுக்காக இளைஞர் மெரினாவில் கூடியபோது, பொலிகாளை என்னும் சொல் நகரத்துப் பிள்ளைகளின் வாயிலும் புழங்கியது.

எனினும் பண்ணையும் பதிவேடும் மட்டும் போதா. இனம் வாழ்வது உழவர் வீட்டுத் தொழுவத்தில். நம் வாசகர் பலருக்கு ஊரில் காணி உண்டு. அண்ணனோ, சித்தப்பாவோ, மாமனோ அதைப் பார்த்துக்கொள்கின்றனர். பசு வாங்க என்று இங்கிருந்து பணமும் செல்கிறது. அடுத்தமுறை அனுப்பும்போது, எந்த இனத்துப் பசு என்று ஒரு வார்த்தை கேட்போம். பால் வருவாய்க்குக் கலப்பினம் கட்டுவதில் தவறில்லை. அதனருகே நாட்டுக் கிடேரி ஒன்றும் நிற்கட்டும். ஊரார் சேர்ந்து நல்ல பொலிகாளை ஒன்றைக் காப்பதாயின், அதன் தீனிச் செலவில் நம் பங்கும் இருக்கட்டும். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, சித்திரையில் காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்து மாட்டுச் சந்தைக்கும், ஆடியில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கும் கொண்டுபோய்க் காட்டுவோம். மயிலைக்கும் செவலைக்கும் வேற்றுமை அறிந்த பிள்ளை, அவ்வினம் மறைந்தால் வருந்தவும் அறியும்.

மாடு என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. சொல் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. பொருளும் நம் பிள்ளைகள் கைக்குச் சேருமா என்பது, இன்னும் எத்தனை தொழுவங்களில் ஒரு நாட்டுக் காளைக்கு இடம் விடுவோம் என்பதைப் பொறுத்தது.